கடைசியில் வந்தது யார்?

உத்தராகண்டின் மலை ஊரான முன்சியாரிக்கு வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்கள் முதல் ராத்திரியே கேட்பது ஒன்றுதான். "அக்கா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்?" சூரிய உதயத்தில் பஞ்சசூலியைப் பார்த்துவிட வேண்டும் அவர்களுக்கு. நாலரைக்கு அலாரம் வைத்து, கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க மொட்டை மாடியில் கேமராவோடு நிற்பார்கள். மெல்ல வெளுக்கும். ஐந்து சிகரங்களும் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் கறுப்பாக நிற்கும். அவ்வளவுதான். வெயில் ஏறியதும் எல்லாம் ஒரே வெள்ளையாகி, பார்க்கவே கண் கூசும்.

பஞ்சசூலி ஊருக்குக் கிழக்கே, கோரி கங்கைப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சூரியன் அதன் முதுகிலிருந்துதான் எழும்ப வேண்டும். மேற்கே சாயும் வெயில் முகத்தில் அடிக்கும் மாலை ஐந்து, ஐந்தரைக்குத்தான் அந்த மலைகளுக்கு நிறமே வரும். முதலில் மஞ்சள், பிறகு செம்பு. கீழே பள்ளத்தாக்கு இருண்டு, வீடுகளில் விளக்கு போட்ட பிறகும் மேலே நுனி மட்டும் கனன்றுகொண்டிருக்கும். இது தெரியாமல் நானும் முதல் வருஷம் பதினெட்டுப் பேரை விடியுமுன் எழுப்பி மாடியில் நிற்க வைத்தேன். மூன்றாவது நாள் எங்கள் வழிகாட்டி சொன்னார்: "சூலின்னா அடுப்பு. பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா சமைச்ச அஞ்சு அடுப்பு. கடைசிச் சமையல் ராத்திரிச் சமையல் சேலி. அதைக் காலையில வந்து பார்த்தா சாம்பல்தான் இருக்கும்."

சேலி என்றால் இங்கே பேசும் குமாவோனி மொழியில் மகள். அவரை நான் தாஜ்யூ என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் என்று அர்த்தம். வயதுக்கு அப்பா என்றே கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அங்கே எல்லாரும் அவருக்குத் தாஜ்யூதான். பெயர் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வார்.

(நம் ஆட்களில் பாதிப் பேர் சூலி என்றதும் சூலம் ஏந்தியவளை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். கும்பிடத்தக்க மலைதான். இரண்டாவது சிகரம் 6,904 மீட்டர். 1973இல்தான் இந்திய திபெத் எல்லைக் காவல் படையினர் முதன்முதலாக அதன் உச்சியைத் தொட்டார்கள்.)

நான் தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் பிறந்தவள். உத்தர்காசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். பாறையில் கயிறு கட்டி ஏறவும், பனிச்சரிவில் வழுக்கினால் ஐஸ் கோடரியை ஊன்றி உடம்பை நிறுத்தவும் அங்கே கற்றுக்கொண்டேன். அந்தத் தெம்பில் ஒரு மலையேற்ற நிறுவனத்தில் டிரெக் லீடராகச் சேர்ந்தேன். முன்சியாரிக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் நான் லீடர், தாஜ்யூ உள்ளூர் வழிகாட்டி. எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவர் மிலம் பாதையில் நடக்கத் தொடங்கி நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

முதல் நடை கலியா டாப். சாலையில் பலாதி வளைவில் இறங்கி, காட்டு வழியாக ஆறேழு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் புல்வெளி. நான் முன்னால் நடந்தேன். லீடர் என்றால் முன்னால் போகிறவர் என்றுதானே சொல் சொல்கிறது. நல்ல வேகம். எனக்குப் பின்னால் நாலைந்து இளைஞர்கள் மூச்சு வாங்காத மாதிரி காட்டிக்கொண்டு வந்தார்கள். மேலே போய் உட்கார்ந்து ஆப்பிள் தின்று முடித்து, படமெல்லாம் எடுத்து, இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தாஜ்யூ வந்து சேர்ந்தார். பையை இறக்கி வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"கடைசியில வந்தது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் மொத்தமாகப் பதினெட்டுத் தலை இருந்தது. "எல்லாரும் வந்துட்டாங்களே தாஜ்யூ" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். கடைசியில வந்தவங்க பேரு?"

அன்றைக்குக் கடைசியில் வந்தவர் ஐம்பது தாண்டிய ஒரு வங்கி ஊழியர். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். அதற்கு முதல் நாள் காத்கோதாமிலிருந்து பதினோரு மணி நேரம் ஜீப்பில் வந்த களைப்பு தீராமல் அப்படியே நடக்க வந்துவிட்டார். இதெல்லாம் எனக்கு இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. வேகமாக நடந்த ஐந்து பேரின் பெயரும் ஊரும் வேலையும் எனக்கு அத்துப்படி. இந்த ஒருவரின் பெயரைப் பட்டியலில் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அதன் பிறகு பதினோரு சீசன் ஆகிவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கேள்வி வந்துவிடும்.

ஜீப்பைச் சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காத்கோதாமில் ரயில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அல்மோரா, தல் என்று வளைந்து வளைந்து வந்து, பிர்த்தி அருவி விழும் இடத்தில் டீ குடித்துவிட்டு, காலாமுனி கணவாயில் ஏறி இறங்கினால் முன்சியாரி. காலாமுனியில் காளி கோயிலுக்கு வண்டி நிற்காமல் போகாது. டிரைவர் இறங்கி மணி அடித்துவிட்டு வருவார். வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் உட்காரவைத்து, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு அவோமின் மாத்திரை.

கலியா டாப் ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் உச்சியைத்தான் பேசுகிறார்கள். ஹன்ஸ்லிங், ராஜ்ரம்பா, பஞ்சசூலி, நந்தா கோட் என்று வரிசையாகக் கை நீட்டிக் காட்டலாம், உண்மைதான். எனக்கு அந்தக் காடு போதும். கீழே கருவாலி மரங்கள். கிளை முழுக்கப் பாசி தொங்கும். நடுநடுவே ரிங்கால் புதர். இது விரல் பருமனில் வளரும் மலை மூங்கில், இதைப் பிளந்துதான் கூடையும் முறமும் பின்னுகிறார்கள். மார்ச் கடைசியில் வந்தால் புராஞ்ஷ் பூத்திருக்கும். அடிவாரத்தில் ரத்தச் சிவப்பு, ஏற ஏற இளஞ்சிவப்பு, இன்னும் மேலே வெள்ளையும் உண்டு. பூ நிறம் வெளுக்கிறது என்றால் உயரம் ஏறியிருக்கிறோம். சிவப்புப் பூவைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி சர்பத் விற்கிறார்கள். மேலே உள்ள வெளிர் நிறத்தைத் தொடவே கூடாது என்பார் தாஜ்யூ. காட்டின் விளிம்பில் அதிகாலையில் சத்தம் போடாமல் நின்றால் மோனால் கோழி மண்ணைக் கிளறுவதைப் பார்க்கலாம். வெயில் பட்டால் அதன் கழுத்தில் எண்ணெய் சிந்திய தண்ணீர்போல் ஏழெட்டு நிறம் ஓடும். பதினெட்டுப் பேர் சேர்ந்து போனால் பார்க்க முடியாது. ஐந்து பேர் என்றால் சில சமயம் முடியும்.

மேலே கூடாரம் போட்டுத் தங்கலாமா என்று கேட்காத ஆளில்லை. முடியாது. புக்யால் என்று இங்கே சொல்லும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கக் கூடாதென்று 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலில் இருந்தவர்கள் கொதித்தார்கள். எங்கள் சமையல்காரர் உட்பட நிறையப் பேருக்கு அந்த சீசன் வருமானம் போயிற்று. அதில் எனக்கும் நஷ்டம்தான். ஆனாலும், ஐம்பது கூடாரம் போட்ட புல்வெளியில் கழிப்பறைக் குழிகளை எண்ணியவள் என்ற முறையில், அந்தத் தீர்ப்பை என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை. அந்தப் புல் முளைக்க வருஷத்தில் நாலைந்து மாதம்தான் கிடைக்கிறது. மீதி நாள் பனிக்கு அடியில்.

அதே 2018 மார்ச்சில்தான் எங்கள் ஊர்ப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அப்பா அன்றைக்கு ஏழு முறை போன் செய்தார். நான் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, முழங்கால் பனியில் நின்றுகொண்டிருந்தேன். "நீ எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போற? எண்ணிப் பார்த்துக்கிறியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கும் தாஜ்யூவுக்கும் இதுவரை அறிமுகமில்லை.

முன்சியாரிக்குப் பக்கத்தில் சர்மோலி என்ற ஊரில்தான் இப்போது எங்கள் குழுக்கள் தங்குகின்றன. அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் வீடுகளிலேயே விருந்தினர்களைத் தங்கவைக்கிறார்கள். இருபது வருஷமாக நடக்கிறது. 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்று விருது கொடுத்தது. விருது வந்த பிறகு கூட்டம் கூடியது என்றாலும், காலையில் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்ட பிறகுதான் உங்களுக்கு டீ. அதில் மாற்றமில்லை. புல்லும் விறகும் எங்கே, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்பதை வன பஞ்சாயத்து முடிவு செய்யும். குமாவோனில் 1931இலிருந்து இந்தக் கிராம வன பஞ்சாயத்துகள் உண்டு. நம் ஊரில் கண்மாய் மடைத் தண்ணீருக்கு முறை வைத்த மாதிரி.

ஊருக்கு மேலே அரை மணி நேர நடையில் மேசர் குண்ட் என்ற குளம் இருக்கிறது. மகேஸ்வரி குண்ட் என்றும் சொல்வார்கள். அதில் குடியிருந்த யட்சன் ஊர்த்தலைவர் மகள்மேல் ஆசைப்பட்டானாம். ஊரார் கோபத்தில் கரையை வெட்டிக் குளத்தை வற்ற விட்டார்களாம். அவன் சாபமிட, வருஷக்கணக்கில் மழை பொய்த்ததாம். மன்னிப்புக் கேட்டுத்தான் மழை திரும்பியதாம். கதைக்கு அப்புறம் நடந்ததும் கிட்டத்தட்ட கதை மாதிரியே இருக்கிறது. சேறு ஏறித் தூர்ந்துபோன குளத்தைச் சர்மோலிப் பெண்கள் மண்வெட்டியோடு போய்த் தூர்வாரினார்கள். காலை ஏழு மணிக்குக் காற்று எழுமுன் போனால் பஞ்சசூலி தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் யாரையும் கூட்டிப்போகலாம். முட்டி வலிக்காரர்கள், பாட்டிகள், ஆறு வயதுப் பிள்ளைகள். மலையேற்றம் என்றாலே உயரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இதை 'வார்ம் அப்' என்கிறார்கள்.

அந்த வீடுகளில் மடுவா ரொட்டி போடுவார்கள். மடுவா நம் கேழ்வரகேதான். முதல் தடவை தட்டில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கூட முன்சியாரி ராஜ்மா, 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய பயறு. குளிர்ந்த ஊரில் மெதுவாக விளைவதால் தோல் மெல்லிசு, வெந்தால் வெண்ணெய். தாளிக்க ஜம்பு. இது உயரத்தில் வளரும் ஒரு வெங்காயச் செடியின் காய்ந்த தழை. எண்ணெயில் விழுந்ததும் பூண்டும் பெருங்காயமும் சேர்ந்த மாதிரி மணக்கும்.

இனி மிலம்.

முன்சியாரியிலிருந்து கோரி கங்கையை ஒட்டியே வடக்கே நடந்தால் லீலம், புக்டியார், ரில்கோட், மார்த்தோலி, புர்ஃபூ, கடைசியில் மிலம். இதுதான் ஜோஹார் பள்ளத்தாக்கு. போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அனுமதிச் சீட்டு வாங்கி, எல்லைக் காவல் படையின் சாவடிகளில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும். பாதையின் முதல் பாதியில் காட்சி என்று எதுவும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆறு. அந்த ஆற்றின் இரைச்சல் இரண்டு நாள் உங்களை விடாது. பக்கத்தில் நடக்கிறவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். புக்டியாரில் தூங்கும்போது மெத்தைக்கு அடியில் ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும். 2013 ஜூன் வெள்ளத்தில் இந்தப் பாதை பல இடங்களில் அறுந்துபோயிற்று. சில வளைவுகளில் இன்னமும் கையகல வழிதான். எதிரே கச்சர் வந்தால், அதாவது கோவேறு கழுதை வந்தால், மலைப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். ஆற்றுப் பக்கம் ஒதுங்கக் கூடாது. மூட்டை இடித்தால் முடிந்தது. இதைப் புறப்படுமுன் மூன்று முறை சொல்வேன். சொன்ன பிறகும் படம் எடுக்க ஆற்றுப் பக்கம் ஒதுங்குகிற ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் உண்டு.

ரில்கோட்டுக்குச் சற்று முன்பு பள்ளத்தாக்கு விரிகிறது. மரம் முடிந்து புல் தொடங்குகிறது. ஆற்றுச் சத்தம் தணிந்து, அதற்குப் பதில் காற்று. மார்த்தோலி இன்னும் கொஞ்சம் மேலே, ஒரு மேட்டு நிலத்தில். நந்தா தேவி கோயில் ஒன்றும் அதைச் சுற்றிப் பூர்ஜ மரத் தோப்பும் இருக்கின்றன. காகிதம்போல் உரியும் பட்டை. வெள்ளி நிறம். அங்கிருந்து பார்த்தால் நந்தா தேவியின் கிழக்குச் சிகரம் தெரியும். 7,434 மீட்டர். போலந்துக்காரர்கள் 1939இல் முதலில் ஏறியது. மேகமில்லாத நாளாக இருக்க வேண்டும். நான் பதினான்கு முறை மார்த்தோலி போய் ஆறு முறை பார்த்திருக்கிறேன். பார்க்காத எட்டு முறையும் பணம் திரும்பக் கிடைக்குமா என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார், பாதி விளையாட்டாக.

இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் ஏன் இப்படிக் கூரையில்லாமல் கிடக்கின்றன என்று எல்லாரும் கேட்பார்கள். இங்கே வாழ்ந்தவர்கள் ஜோஹாரி சௌகாக்கள். கோடையில் தானியம், வெல்லம், துணி எல்லாவற்றையும் ஆட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு, 5,000 மீட்டருக்கு மேலுள்ள உண்டா துரா கணவாய் தாண்டித் திபெத்துக்குப் போவார்கள். ஞானிமா சந்தையில் உப்பு, கம்பளி, வெண்காரம் வாங்கித் திரும்புவார்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் இரண்டு சிறு பை, கர்பச் என்று பெயர். 1962 போரோடு கணவாய் மூடப்பட்டது. ஐந்நூறு வீடு இருந்த மிலத்தில் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் தண்ணீர் எடுக்கப் போனால் சந்துகளில் வழி தவறி நிற்பாள் என்று கதை சொல்வார்கள். இப்போது அந்தச் சந்துகளில் நெட்டில் செடி இடுப்பளவு நிற்கிறது. புர்ஃபூவில் சில கதவுகளில் செதுக்கு வேலை அப்படியே இருக்கிறது, கதவுக்குப் பின்னால் வானம். தாஜ்யூவின் தாத்தா வீடும் அப்படியொன்று. அதன் முன்னால் அவர் ஒருபோதும் நின்றதில்லை. ஷூ கயிற்றைச் சரிசெய்கிற சாக்கில் பத்தடி தள்ளி உட்காருவார்.

மிலம் காலியாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். முழு உண்மை இல்லை. மே மாதம் சில குடும்பங்கள் ஏறி வருகின்றன. உருளைக்கிழங்கும் பாப்பரையும் ஜம்புவும் போட்டு, அக்டோபரில் இறங்குகின்றன. மே, ஜூனில் இன்னொரு கூட்டம் மேலே போகும், கீடா ஜடி பொறுக்க. புழுவின் உடலில் முளைக்கும் ஒருவகைக் காளான் அது. கிலோ லட்சக்கணக்கில் விலை போகிறது. அந்த இரண்டு மாதம் சுமை தூக்க ஆள் கிடைக்காது. புல்லில் குப்புறப் படுத்துத் தீக்குச்சி அளவு முளையைத் தேடுகிறவர்களைத் தாண்டி என் குழு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

மிலத்தில்தான் நைன் சிங் ராவத் 1830இல் பிறந்தார். பள்ளிக்கூட வாத்தியார், அதனால் பண்டிட். பிரிட்டிஷ் நில அளவைத் துறை திபெத்தை வரைபடமாக்க நினைத்தபோது வெள்ளைக்காரர் உள்ளே போக முடியவில்லை. டேராடூனில் இவருக்குப் பயிற்சி கொடுத்து வியாபாரி வேஷத்தில் அனுப்பினார்கள். 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். அளவுகோல் அவர் கால்தான். ஏற்றமோ இறக்கமோ, ஒரே அளவு எட்டு, மைலுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம். கையில் ஜபமாலை. அதில் 108 மணிக்குப் பதில் 100. நூறு எட்டுக்கு ஒரு மணி நகர்த்துவார். குறிப்பெல்லாம் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள். 1877இல் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. 2004இல் அஞ்சல் தலை வந்தது.

உயரத்தை எப்படி அளந்தார் என்பதைச் சொல்ல நான் எப்போதும் சமையல் கூடாரத்துக்குக் கூட்டிப்போவேன். மிலம் 3,400 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 89 டிகிரியில் கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. அதனால் குக்கர் இல்லாமல் எங்கள் சமையல்காரர் மேலே ஏற மாட்டார். கீழே நாலு விசில் வைக்கிற ராஜ்மாவுக்கு மிலத்தில் ஒன்பது விசில். நைன் சிங்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மறைத்து வைத்திருந்த வெப்பமானியை அதில் நுழைத்துப் பார்த்துத்தான் உயரம் குறித்தார். எங்கள் சமையல்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப விசிலை எண்ணியே நான் மேப் போடுவேன்" என்றார்.

தாஜ்யூ எண்ணுகிறவர். நடக்கும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். மந்திரம் என்று நினைத்தேன். எட்டைத்தான் எண்ணுகிறார். அறுபது எட்டுக்குள் இருமினால், கொட்டாவி விட்டால், பேச்சை நிறுத்தினால் வேகத்தைக் குறைப்பார். குழுவிலேயே மெதுவாக நடக்கிறவரைத் தனக்கு நேர் பின்னால், இரண்டாவதாக வைப்பார். வரிசை முழுக்க அந்த ஒருவரின் வேகத்தில் நகரும். பின்னால் வரும் இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். இதை நான் கற்றுக்கொண்டது உண்மை. கற்றுக்கொண்டதைச் செய்யாத வருஷமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் நான்காவது சீசன். அக்டோபர். தாஜ்யூ மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஒன்பது பேர் கொண்ட குழு, நான் தனியாகப் பொறுப்பு. புக்டியார் ஏறத்தாழ 2,500 மீட்டர். மறுநாள் ரில்கோட் 3,100க்கு மேல். மூவாயிரத்துக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் ஐந்நூறுக்கு மேல் கூட்டாதே என்று பாடம். இந்தப் பாதையில் தங்குமிடம் இருக்கிற இடத்தில்தான் தங்க முடியும் என்பதால், அந்தப் பாடம் முதல் நாளே எல்லை தொட்டுவிடுகிறது. ரில்கோட்டில் ஒரு நாள் நிற்பதுதான் பரிகாரம். அட்டவணையில் அந்த நாள் இருந்தது. வானிலை கெடும் என்று சேதி வந்ததால் அதை நான் வெட்டினேன்.

குழுவில் ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். கலகலப்பானவர். ரில்கோட்டில் அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார். "வயிறு சரியில்லம்மா" என்றார். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன், எண் மோசமில்லை. எண்ணை நம்பினேன், தட்டை நம்பவில்லை. மறுநாள் மிலம் வரை நடந்தார், எல்லாருக்கும் கடைசியில். நான் அன்றைக்கு எங்கே நடந்தேன் என்று கேட்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அவர் கூடாரத்திலிருந்தவர் ஓடி வந்து கூப்பிட்டார். உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு வாங்குகிறது. இருமலில் தண்ணீர்ச் சத்தம். தரையில் ஒரு கோடு போட்டுக் குதிகால் முன் விரல் வைத்து நடக்கச் சொன்னால் மூன்றாவது எட்டில் சாய்ந்தார்.

உயரத்தால் வரும் இந்த நோய்க்கு மருந்து ஒன்றுதான், இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கையிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டு, சமையல்காரரும் கச்சர்காரப் பையன் ஒருவனும் மாறி மாறி அவரை முதுகில் சுமக்க, டார்ச் வெளிச்சத்தில் புர்ஃபூவைத் தாண்டி ரில்கோட்டுக்கு இறங்கினோம். விடிந்ததும் அவரைக் கச்சர்மேல் ஏற்றி மேலும் கீழே. புக்டியார் வந்தபோது நிறம் திரும்பிவிட்டது. "என்னம்மா, மார்த்தோலி பார்க்காமலே இறக்கிட்டியே" என்றார். பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார். அவர் தலைவலியை மறைத்தார், வாஸ்தவம். காசு கட்டி, லீவு போட்டு, வீட்டில் சண்டை போட்டு வந்தவர் மறைக்கத்தான் செய்வார். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

தாஜ்யூ திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "ரில்கோட்ல அன்னிக்குச் சாயங்காலம் யார் கடைசியில வந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரிந்தவர் மாதிரி எழுந்து போய்விட்டார். அதிலிருந்து இரவுச் சாப்பாட்டை நானே பரிமாறுகிறேன். கழுவப் போகும் ஒவ்வொரு தட்டையும் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். ரில்கோட்டில் ஒரு நாள் நிற்பதை யார் சொன்னாலும் வெட்டுவதில்லை. அந்த நாளில் மார்த்தோலி ஏறி இறங்குகிறோம். மேலே போய்க் கீழே வந்து தூங்கினால் உடம்பு பழகும். அதில்தான் நந்தா தேவி தெரிகிற நாளும் கூடியிருக்கிறது.

மிலத்துக்கு அப்பால் ஒன்றிரண்டு மணி நேரம் நடந்தால் பனிப்பாறை. வெள்ளைவெளேர் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கல்லும் மண்ணும் மூடிய சாம்பல் நிற மேடு. அடியில் கறுத்த பனிக்கட்டி வாயைத் திறந்திருக்க, அதிலிருந்து கோரி கங்கை பழுப்பாகப் பீறிட்டு வருகிறது. மதியத்துக்கு மேல் வெயிலில் மேலே கல் உருளும். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் யாரையும் அங்கே நிற்க விடுவதில்லை.

இந்தப் பாதைக்குச் சாலை வருகிறது. எல்லைக்காகப் போடுகிறார்கள். கீழிருந்தும் வெட்டுகிறார்கள், எந்திரங்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கி மேலிருந்தும் வெட்டுகிறார்கள். வெடி வைக்கும் நேரத்தில் நடை நிற்கும். விசில் அடித்த பிறகு புறப்படுவோம். என் குழுவினர் வருத்தப்படுவார்கள், அமைதி போயிற்றே என்று. போன வருஷம் புர்ஃபூவில் ஜம்பு காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தியிடம் அதைச் சொல்லவும் சொன்னார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்துவிட்டு, "இவங்க முட்டியைக் கொடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றாள். பின்னாலிருந்த கச்சர்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாலை வந்தால் அவருடைய பத்துக் கச்சரை என்ன செய்வது என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த அக்டோபரில் பதினொரு பேர். மிலம் போய்த் திரும்பி, சர்மோலியில் ஒரு நாள் காலாட்டிவிட்டு, காலையில் ஆறு மணிக்கே இரண்டு ஜீப்பில் புறப்பட்டோம். காத்கோதாமில் ராத்திரி ரயில். காலாமுனியில் டிரைவர் மணி அடிக்கப் போனார். அந்தக் கணவாயைத் தாண்டிவிட்டால் பஞ்சசூலி மறைந்துவிடும். டிரைவர் திரும்பியதும் தலை எண்ணினேன். பத்து.

கோயிலுக்குப் பின்பக்கம் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார், வேலூர்க்காரர். எட்டு நாளும் எனக்கு நேர் பின்னால் இரண்டாவதாக நடந்தவர், "என்னாலதான எல்லாருக்கும் லேட்டு" என்று தினமும் மன்னிப்புக் கேட்டவர். கையில் போனில்லை, கேமராவும் இல்லை. வெயில் எதிரே வந்துவிட்டதால் ஐந்து சிகரமும் வெறும் வெளிர்க் கோடுதான். படத்துக்கு லாயக்கில்லாத நேரம்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் போய் அவர் ஜன்னலைத் தட்டி, இன்னொரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன்.